பத்து ரூபாயும் பட்டப்படிப்பும்

 

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகிவிட்டால், மக்தபில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் என்னைத் தேடிப் பெற்றோர் பலர் வருவதுண்டு. இளமையில் கல்லூரியில் வரலாறு பயின்று பி.ஏ. பட்டம் பெற்றபின் மதரஸாப் பணிக்கு வந்தவன் நான். ஆகவே எந்தக் கல்லூரியில் சேர்க்கலாம், எந்தப் பாடம் எடுக்கலாம், விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தில் எதை எழுதலாம் என்றெல்லாம் என்னிடம் கேட்பார்கள். அஸர் தொழுகைக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரம் அந்த ஒரு மாதம் முழுவதும் இதிலேயே கழியும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் அவ்வாறு வந்த ஒரு தந்தை, கல்லூரியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "ஹஜரத், இவனை ஏதாவது ஹிப்ழு மதரஸாவில் சேர்த்துவிட முடியுமா? கண் தெரியாத பிள்ளை. ஓதிக்கொண்டிருந்தால் ஊர் பார்த்துக்கொள்ளும்" என்றார். அருகில் நின்ற மகன் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளி விடுதியில் தங்கிப் படித்து, அந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண்களோடு தேறியவர் அவர். விடுமுறைக்கு ஊர் வரும்போதெல்லாம் என் மக்தபுக்கு வந்து, காதால் கேட்டே அம்ம ஜுஸ்உ முழுவதையும் மனனம் செய்தவர். பார்வையுள்ள பிள்ளைகள் நான்கு நாட்களில் ஒப்புவிப்பதை ஒரே நாளில் ஒப்புவிப்பார்.

குர்ஆனை மனனம் செய்வது பெரும் பாக்கியம். அதைக் கற்பிக்கும் நானே அதற்கு மாற்றாக ஒரு சொல் சொல்வேனா? ஆனால் அந்தத் தந்தையின் கேள்விக்குள் இருந்த காரணம் வேறு. பார்வையில்லாத பிள்ளைக்குப் பூமியில் வேறு வழியில்லை, ஊராரின் தர்மத்தில்தான் காலம் கழிய வேண்டும் என்று அவர் முடிவு செய்திருந்தார். நம் ஊர்களில் அந்த முடிவுக்கு அவர் வந்ததில் வியப்பும் இல்லை. ஜும்ஆத் தொழுகை முடிந்து வாசற்படியில் வாப்பாவுக்காகக் காத்து நிற்கும் அந்த இளைஞரின் கையில், அவர் கேளாமலேயே பத்து ரூபாயோ இருபது ரூபாயோ வைத்துவிட்டுப் போகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். நல்ல மனத்தோடுதான் வைக்கிறார்கள். ஒருமுறை அவர் என்னிடம், "நான் கேட்காத காசை எல்லாரும் தருகிறார்கள் ஹஜரத். பி.ஏ. ஆங்கிலம் எந்தக் கல்லூரியில் இருக்கிறது என்று மூன்று பேரிடம் கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை" என்றார்.

வாப்பாவை உட்கார வைத்துப் பேசினேன். எகிப்து நாட்டின் தாஹா ஹுஸைனைப் பற்றிச் சொன்னேன். 1889ஆம் ஆண்டு மேல் எகிப்தில் ஓர் எளிய குடும்பத்தில் பிறந்தவர். சிறு பிராயத்தில் கண்ணோய் கண்டு, கிராமத்து நாவிதரின் வைத்தியத்தால் பார்வையை இழந்தவர். கிராமத்து மக்தபில் குர்ஆனை மனனம் செய்துவிட்டு அல்அஸ்ஹருக்குச் சென்றார். பின்னர் 1908இல் புதிதாகத் தொடங்கிய எகிப்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1914இல் அதன் முதல் முனைவர் பட்டத்தைப் பெற்றார். அவர் ஆராய்ந்ததும் பார்வையற்ற ஓர் அரபுக் கவிஞரைத்தான். அபுல் அலா அல்மஅர்ரியை! அதன்பின் அந்தப் பல்கலைக்கழகமே தன் செலவில் அவரைப் பிரான்சு நாட்டுக்கு அனுப்பியது. 1918இல் இப்னு கல்தூனைப் பற்றிய ஆய்வுக்காகப் பாரிஸில் இரண்டாவது முனைவர் பட்டம் பெற்றார். 1950இல் எகிப்தின் கல்வி அமைச்சரானார். அவர் எழுதியவற்றில் ஆலிம்கள் ஒப்பாதவை உண்டு. 1926இல் அவர் வெளியிட்ட நூல் ஒன்று பெரும் புயலையே கிளப்பியது. அந்த வாதத்துக்குள் நான் இப்போது செல்லவில்லை. பார்வையற்ற மாணவருக்கு ஒரு பல்கலைக்கழகம் பயணச் செலவும் படிப்புச் செலவும் கொடுத்ததால் என்ன நேர்ந்தது என்பதற்காகவே அவரைச் சொன்னேன்.

வாப்பா அமைதியாகக் கேட்டுவிட்டு, "அது எகிப்து ஹஜரத். நம் ஊரில் யார் கொடுப்பார்கள்?" என்றார்.

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரையையே எழுதுகிறேன்.

முதலில் சட்டம். 1995ஆம் ஆண்டின் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே அங்கீகரித்தது. உயர்கல்வியில் மூன்று விழுக்காடு இடம் என்றது. அதற்குப் பதிலாக வந்த 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருபத்தொரு வகைகளை ஏற்றுக்கொண்டிருக்கிறது. பார்வையின்மை, குறைபார்வை, செவித்திறன் குறைவு, கை கால் முடக்கம், மூளை முடக்குவாதம் ஆகியவற்றோடு, தலசீமியா, ஹீமோஃபிலியா போன்ற இரத்த நோய்களும், எழுத்துக் கற்றலில் ஏற்படும் குறைபாடுகளும் இந்தப் பட்டியலில் உண்டு. தலசீமியா உள்ள பிள்ளைக்கு மாதந்தோறும் இரத்தம் ஏற்றிவரும் ஒரு குடும்பத்தினர், தங்கள் மகளுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும் என்பதை என் வாயிலாகவே முதன்முதலில் அறிந்தார்கள். அரசுக் கல்லூரிகளிலும் அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் குறைந்தது ஐந்து விழுக்காடு இடங்கள் நாற்பது விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு உடையோருக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்றும், சேர்க்கைக்கான வயது வரம்பில் ஐந்தாண்டுத் தளர்வு தரவேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது. யாருடைய இரக்கத்தையும் எதிர்பாராமல் கேட்டுப் பெறக்கூடிய இடம் அது.

தமிழகத்து அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் இவ்வொதுக்கீட்டுக்கான சிறப்புக் கலந்தாய்வு, பொதுக் கலந்தாய்வுக்கு முன்னரே நடந்துவிடும். பொதுக் கலந்தாய்வு நாளில் சான்றிதழ்களைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் தங்களுக்குரிய வரிசையைத் தவறவிட்டவர்களாகவே போய்ச் சேர்கிறார்கள். அந்த ஆண்டு எங்களுக்கு இருந்தவை பதினோரு நாட்கள். அதற்குள் கையில் இருந்தாக வேண்டிய முதல் தாள், தனித்துவ அடையாள அட்டை. அந்த இளைஞரிடம் சிறு வயதில் மாவட்ட அலுவலகத்தில் வாங்கிய பழைய அடையாளப் புத்தகம் மட்டுமே இருந்தது. நாடு முழுவதும் செல்லுபடியாகும் புதிய அட்டைக்கு இணையத்தில் பதிவு செய்து, மருத்துவக் குழுவின் மதிப்பீட்டைப் பெற வேண்டும். பதிவு செய்ய உட்கார்ந்தபோதுதான் நம் சமுதாயத்துக்கே உரிய அந்தச் சிக்கல் முளைத்தது.

அதுதான் பெயர்!

முஹம்மது என்ற மேன்மையான பெயரை வைக்காத வீடு நம்மிடம் குறைவு. அதை ஆங்கிலத்தில் எழுதும் முறைகளுக்கோ கணக்கே இல்லை. 'ஓ' போட்டு ஒருவகை, 'யூ' போட்டு ஒருவகை, நடுவில் 'எம்' இரட்டித்து ஒருவகை, முடிவில் 'ஏடி' என்றும் 'ஈடி' என்றும் இருவகை, இடம் போதாதென்று 'எம்ஓஎச்டி' என நான்கே எழுத்தில் முடித்துக்கொண்ட ஒருவகை. அந்த இளைஞருக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒருவிதம், பள்ளிச் சான்றிதழில் வேறுவிதம், ஆதாரில் மூன்றாவது விதம். முன்னெழுத்து ஒன்றில் முன்னால் இருந்தது, மற்றொன்றில் பின்னால் போய் வாப்பாவின் முழுப் பெயராக விரிந்திருந்தது. மனிதர் ஒருவர்தான் என்பது நமக்குத் தெரியும். கணினிக்கு அவர் மூன்று பேர். உதவித்தொகை இப்போது ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கில் நேரடியாகச் செலுத்தப்படுவதால், ஓர் எழுத்து மாறினாலும் விண்ணப்பம் நின்றுபோகிறது. ஏன் நின்றது என்று வீடு தேடி வந்து சொல்வாரும் இல்லை.

பிள்ளை நான்காம் வகுப்பில் இருக்கும்போதே எல்லாத் தாள்களையும் ஒரே மேசையில் பரப்பி, எழுத்தெழுத்தாக ஒத்துப் பாருங்கள். பள்ளிச் சான்றிதழில் உள்ள வடிவத்தையே அடிப்படையாகக் கொண்டு மற்றவற்றைத் திருத்திக்கொள்வது எளிது என்பது என் அனுபவம். நாங்கள் முதலில் ஆதாரைத் திருத்தினோம். பிறகு அடையாள அட்டைக்குப் பதிந்தோம். கடைசியாக வங்கிக்குப் போனோம்.

வங்கியில் மற்றொரு தடை. பெயர் வேண்டாம், ஒரு கிளை. "கையெழுத்துப் போட முடியாதவருக்கு ஏ.டி.எம். அட்டை தர இயலாது. வாப்பா பெயரைச் சேர்த்துக் கூட்டுக் கணக்காகத் தொடங்குங்கள்" என்றார் அங்கிருந்த அலுவலர். பார்வையற்றோருக்குக் காசோலைப் புத்தகம், ஏ.டி.எம். அட்டை உள்ளிட்ட எந்த வசதியையும் மறுக்கக் கூடாது என்று 2008ஆம் ஆண்டிலேயே ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் அறிவுறுத்தியிருக்கிறது. அதைத் தாளில் எழுதி எடுத்துச் சென்று மறுநாள் மேலாளரிடம் கொடுத்தோம். அவர் படித்துப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் படிவத்தை எடுத்து நீட்டினார். அந்த இளைஞர் தம் பெயரில் தனியாகவே கணக்குத் தொடங்கினார். வெளியே வந்ததும் அந்த அட்டையை விரல்களால் தடவிப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

சரி, பணம் எங்கெங்கிருந்து வரும்? ஒன்றிய அரசின் மாற்றுத்திறனாளிகள் துறை, ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு ஓர் உதவித்தொகையும், பதினொன்றாம் வகுப்பு முதல் முதுகலை வரை மற்றொன்றும் வழங்குகிறது. பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை இலட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். தேசிய உதவித்தொகைத் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஐ.ஐ.டி. போன்ற உயர் நிறுவனங்களில் இடம் பெறுவோருக்கென்று தனித் திட்டமும், வெளிநாடு சென்று படிப்போருக்கென்று வேறொன்றும் உண்டு. பொறியியல் முதலான தொழில்நுட்பப் படிப்புகளில் சேர்வோருக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் 'சக்ஷம்' திட்டம் ஆண்டுக்கு ஐம்பதாயிரம் ரூபாய் தருகிறது. அதற்குக் குடும்ப வருமான வரம்பு எட்டு இலட்சம். மாநில அரசின் உதவித்தொகை தனி. அதற்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தைச் சார்ந்துள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுக வேண்டும். பார்வையற்ற மாணவருக்குப் பாடங்களை வாசித்துக் காட்டுபவருக்கென்று வாசிப்பாளர் உதவித்தொகையும் அங்கேதான். அரசுக் கல்லூரியிலும் அரசு உதவி பெறும் பிரிவிலும் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. ஆனால் சேருமுன் ஒன்றைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் ஒரே வளாகத்தில், சில இடங்களில் ஒரே கட்டடத்தில் இருக்கும்; கட்டணமோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு!

நம் பகுதியில் பல தாய்மார்கள் பீடி சுற்றுகிறவர்கள். அவர்களின் பிள்ளைகளுக்கென்று ஒன்றியத் தொழிலாளர் துறையின் உதவித்தொகை வேறு இருக்கிறது. ஒரே மாணவர் ஒன்றிய அரசின் இரண்டு உதவித்தொகைகளை ஒரே ஆண்டில் பெற முடியாது. எது அதிகம் என்று கணக்குப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த இளைஞரின் உம்மாவும் பீடி சுற்றுகிறவர்தாம். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து மாற்றுத்திறனாளிகளுக்கானதையே எடுத்தோம்.

வாசிப்பாளர் என்றதும் என் கல்லூரி நாட்கள் நினைவுக்கு வருகின்றன. ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர், விடுதியில் என் பக்கத்து அறையில் பார்வையற்ற ஒரு வகுப்புத் தோழர் இருந்தார். வேறு சமயத்தவர். இரவு இஷாவுக்குப் பின் நான் பாடங்களை உரக்க வாசிப்பேன். அவர் சிலேட்டில் ஊசியால் குத்திக் குத்திக் குறிப்பெடுப்பார். பிரெயில் முறையில் வலமிருந்து இடமாகக் குத்தித் தாளைத் திருப்பி இடமிருந்து வலமாக வாசிக்க வேண்டும் என்பதை அவரிடம்தான் அறிந்தேன். "உங்கள் அரபியை எழுதுவதுபோல எழுதுகிறேன், தமிழை வாசிப்பதுபோல வாசிக்கிறேன்" என்று வேடிக்கையாகச் சொல்வார். உதவித்தொகை வந்ததும் வாசிப்பாளர் பங்கை எண்ணி என் கையில் வைப்பார். நான் மறுத்தால், "இது உனக்காக அரசு தந்தது. நீ வாங்காவிட்டால் நாளை உன்னிடம் 'இந்தப் பக்கத்தை மறுபடி வாசி' என்று எப்படி அதட்டுவேன்?" என்பார். வாங்கிக்கொண்டேன். அதட்டலையும் வாங்கிக்கொண்டேன். மூன்றாண்டுகள் உரக்க வாசித்ததில் என் மதிப்பெண்களும் உயர்ந்தன என்பது அதில் கிடைத்த ஊதியம். அவர் இன்று ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வரலாற்று ஆசிரியர்.

இன்றைய மாணவருக்கு அந்த ஊசிக் குத்தல் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் 'என்விடிஏ' என்ற மென்பொருளை, பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர்கள் இருவர் 2006இல் உருவாக்கத் தொடங்கி இலவசமாகவே வழங்கினார்கள். தமிழையும் அது வாசிக்கும். குரல்தான் சற்று இயந்திரத்தனமாக இருக்கும். பார்வையற்றோருக்காக நூல்களை ஒலியாகவும் பிரெயிலாகவும் மாற்றிக்கொள்ள 2013ஆம் ஆண்டின் மராக்கேஷ் உடன்படிக்கை வழிசெய்தது. 2014 ஜூன் மாதத்தில் அதை உலகிலேயே முதலாவதாக உறுதிசெய்த நாடு நமது இந்தியா. மொராக்கோ நாட்டின் முஸ்லிம் நகரம் ஒன்றின் பெயர் உலகெங்கும் பார்வையற்ற மாணவரின் நாவில் ஒலிப்பதை எண்ணி மகிழ்வேன். 2016இல் தொடங்கிய 'சுகம்ய புஸ்தகாலயா' என்னும் இணைய நூலகத்தில் அத்தகைய நூல்கள் சேர்ந்துவருகின்றன. தமிழ்ப் பாடநூல்கள் இன்னும் வேண்டும். நமது கல்லூரி மாணவர்கள் விடுமுறையில் ஆளுக்கொரு நூலை வாசித்து ஒலிப்பதிவு செய்து கொடுத்தால் ஆகாதா?

தேர்வு எழுதும் முறையையும் தெரிந்துகொள்ளுங்கள். பார்வையற்றவர் தாம் சொல்லச் சொல்ல எழுதுபவரை உடன் வைத்துக்கொள்ளலாம். மணிக்கு இருபது நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரமும் உண்டு என்று 2018ஆம் ஆண்டின் வழிகாட்டுதல் கூறுகிறது. அதாவது மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம். எழுதுபவரை மாணவரே அழைத்து வந்தால், அவருடைய கல்வி தேர்வு எழுதுபவரின் கல்விக்கு ஒரு படி கீழே இருக்க வேண்டும். 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், எழுத்துக் குறைபாடுள்ள ஒருவரின் வழக்கில், நாற்பது விழுக்காடு என்ற அளவு இல்லாதவருக்கும் இவ்வுரிமையை மறுக்கலாகாது என்று தீர்ப்பளித்தது. எங்கள் மஹல்லாவில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் ஐவரின் பெயர்களைப் பள்ளிவாசல் பலகையில் எழுதி வைத்திருக்கிறோம். பருவத் தேர்வு வந்தால் முறைவைத்துப் போகிறார்கள். ஒருவர் காய்ச்சல் என்று படுத்தாலும் மற்றவர் ஓடுகிறார்.

அந்த இளைஞர் இப்போது பி.ஏ. ஆங்கிலம் இறுதியாண்டு படிக்கிறார். முதலாண்டில் வரவேண்டிய தொகை தாமதித்து, அடுத்த ஆண்டு மார்ச் மாதத்தில்தான் வந்தது. இதைப் பெற்றோர் முன்கூட்டியே எதிர்பார்க்க வேண்டும். உதவித்தொகை வரும், ஆனால் விடுதிக் கட்டணம் செலுத்தும் நாளுக்குள் வராது. இடைப்பட்ட மாதங்களில்தான் பல பிள்ளைகள் படிப்பை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறார்கள். அந்த இடைவெளிக்காக எங்கள் ஜமாஅத்தில் ஒரு சிறு ஏற்பாடு செய்தோம். முத்தவல்லி அவர்கள் முதலில் தயங்கினார். ஏழ்மையிலுள்ள மாணவருக்கு ஜகாத்திலிருந்து கொடுப்பதில் தடையில்லை என்று எங்கள் ஊர் மூத்த ஆலிம் சொன்னபின் ஒப்புக்கொண்டார். ஜும்ஆ வாசலில் கையில் வைக்கும் காசை இனி ஒரு பெட்டியில் போடுங்கள் என்று அறிவித்தோம். இரண்டு மாதப் பெட்டிக் காசு ஒரு பருவத்து விடுதிக் கட்டணத்துக்குப் போதுமானதாக இருந்ததைக் கண்டு முத்தவல்லியே வியந்தார். ஆண்டுதோறும் விண்ணப்பத்தைப் புதுப்பிக்க மறந்துவிடாதிருக்க, தேதியையும் அதே பலகையில் எழுதுகிறோம்.

பெண்பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. ஒன்றைக் கவனித்தேன். ஊனமுள்ள மகனை வெளியே காட்டும் குடும்பம்கூட, அதேபோன்ற மகளை மறைத்து வைக்கிறது. சான்றிதழ் வாங்கினால் ஊருக்குத் தெரிந்துவிடும், மூத்தவளுக்கு வரன் வராது என்கிறார்கள். ஊருக்குத் தெரியாதென்று எண்ணுகிறவர்கள் அவர்கள் மட்டும்தான்! அந்த அச்சத்துக்கு விலையாக ஒரு பிள்ளை சட்டம் தந்த இடத்தையும், உதவித்தொகையையும், சில வேளை படிப்பையே இழக்கிறாள். தமிழக அரசு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாயும், கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்குத்தானே கிடைக்கும்?

எங்கள் தெருவிலேயே ஒரு பெண் இருக்கிறாள். ஒரு காலும் ஒரு கையும் பிறவியிலேயே சுவாதீனமில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் வணிகவியலில் அவள் பெற்ற மதிப்பெண்ணை நான் பார்த்தேன். மக்தபில் அவள் ஓதும் அழகைக் கேட்டு மற்றப் பெண்பிள்ளைகள் ஓதலைத் திருத்திக்கொள்வார்கள். அடையாள அட்டை இதுவரை வாங்கவில்லை. அவளுடைய வாப்பாவிடம் என் மனைவியும் நானும் இரண்டு முறை போய்ப் பேசிவிட்டோம். இரண்டாம் முறை, தேநீர் கொடுத்துவிட்டு, "யோசித்துச் சொல்கிறேன் ஹஜரத்" என்றார். உள்ளே இருந்து அந்தப் பெண், "வாப்பா, ஆதாரிலும் மார்க் ஷீட்டிலும் என் பெயர் ஒன்றுபோலத்தான் இருக்கிறது, நான் பார்த்துவிட்டேன்" என்று குரல் கொடுத்தாள்.

வருகிற புதன்கிழமை மாவட்ட அரசு மருத்துவமனையில் மருத்துவக் குழு அமர்கிறது. எங்கள் ஊரிலிருந்து நான்கு பிள்ளைகளை அழைத்துச் செல்ல வேன் பேசியிருக்கிறோம். ஐந்தாவது இருக்கையை அவளுக்காகவே வைத்திருக்கிறேன். அவருடைய பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.